ஆமா, ஆயா, மெய்ட்

ரொம்ப நாளா டிராஃப்ட்டுலயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

2009-இல் மகன் பிறந்தப்போ எனக்குக் கிடைச்சது மூணு மாச லீவு. அம்மா ஊர்லேர்ந்து வந்து இருந்தாங்க, விசா முடிஞ்சதும் கிளம்பிட்டாங்க. மாமியாருக்கு முட்டி வலி, விமானத்துல நாலு மணி நேரம் உக்கார முடியாது. ரங்ஸ் ஆபீஸ்ல பிராஜெக்ட் டெட்லைன். (அவர் ஆபீஸ்ல டெட்லைன் இல்லாத மாசத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.) சிங்கப்பூர்ல இருக்கிற எல்லாரும் செய்யறதையே நாங்களும் செஞ்சோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷாப்பிங் சென்டர் ஒண்ணுல இருந்த மெய்ட் ஏஜென்சிக்குப் போனோம்.

போனவங்களுக்குத் தெரியும். ஒரு தடிமனான ஃபைல் குடுப்பாங்க. பக்கத்துக்கு ஒரு பெண். உயரம், எடை, மதம், எத்தனை பிள்ளைகள், பன்றிக்கறி சமைப்பாரா, நாய் இருந்தா பரவாயில்லையா, எல்லாத்துக்கும் கட்டம் போட்டு டிக் அடிச்சிருக்கும். ஆஃப் டே வேணுமாங்கறதுக்கும் ஒரு கட்டம். ஏஜென்சிக்காரர் அந்தக் கட்டத்துல விரலை வெச்சு, "ஆஃப் டே வேணாம்னு சொல்ற ஆளா எடுங்க மேடம். லீவு குடுத்தா வெளிய பழக்கம் வந்துடும். ஏடாகூடமா எதாவது ஆச்சுன்னா உங்க பாண்ட் காசு 5,000 வெள்ளி போயிடும்"னார்.

நாங்க எடுத்தவங்க தஞ்சாவூர்ப் பக்கம். என்னைவிட நாலு வயசு மூத்தவங்க, அதனால நான் அவங்களை அக்கான்னு கூப்பிட்டேன். அவங்க என்னை "ம்மா"ன்னு கூப்பிட்டாங்க. சம்பளம் 300 வெள்ளி. நாங்க அரசாங்கத்துக்கு மாசாமாசம் கட்டின லெவி 265 வெள்ளி. முதல் ஏழு மாசச் சம்பளம் ஏஜென்சி கடனுக்கே போச்சு. ரெண்டு வருஷ ஒப்பந்தம், ஆஃப் டே கிடையாது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

இதை ஏன் இப்பக் கிளறுறேன்னா, போன மாசம் சைனாடவுன்ல புத்தர் பல் கோயிலுக்குப் பக்கத்துல சாகோ லேன் வழியா நடந்தேன். இப்ப அங்க சுற்றுலாக் கூட்டம்தான். ஒரு காலத்துல அதுக்குச் சாவுத் தெருன்னே பேரு. 'மரண வீடுகள்' இருந்த தெரு. சாகக் கிடக்கிறவங்களைக் கொண்டுவந்து படுக்க வைப்பாங்க. மேல்மாடியில உயிர் போகக் காத்திருப்பாங்க, கீழ சடங்குக்குச் சாமான் விப்பாங்க. அரசாங்கம் 1961-இல் இதைத் தடை பண்ணிச்சு. அங்க வந்து செத்தவங்கள்ல ஊரான் பிள்ளையைத் தூக்கி வளர்த்த 'ஆமா'க்களும் உண்டு. அவங்க கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க அந்தப் பழைய ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்துட்டே இருந்துச்சு.

முதல்ல பேரு. 'ஆமா'ன்னதும் நமக்கு ஆமா சாமிதான் ஞாபகம் வரும் :-). இது போர்த்துக்கீசிய 'அமா'விலேர்ந்து வந்தது. பால் குடுக்கிறவள், செவிலிங்கற அர்த்தம். நம்ம ஊர்ல இன்னிக்கும் பள்ளிக்கூடத்துலயும் ஆஸ்பத்திரியிலயும் சொல்ற 'ஆயா'வும் போர்த்துக்கீசிய 'அயா'தான்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. (கொங்கு நாட்டு நண்பர்கள் உடனே சண்டைக்கு வராதீங்க, பாட்டியை ஆயான்னு சொல்ற வழக்கு எனக்கும் தெரியும்.) பிரிட்டிஷ்காரன் இந்தியாவுல ஆயா வெச்சான், சீனாவுலயும் மலாயாவுலயும் ஆமா வெச்சான்.

சிங்கப்பூர்ல ஆரம்பத்துல துரைமார் வீட்டு வேலைகளைப் பெரும்பாலும் செஞ்சது ஆம்பிளைங்க. சீனாவோட ஹைனான் தீவுலேர்ந்து வந்தவங்க. இன்னிக்கு நாம சாப்பிடற ஹைனானீஸ் சிக்கன் சாப்ஸ் எல்லாம் அவங்க துரை வீட்டு அடுப்படியில கத்துக்கிட்டதோட மிச்சம். 1930கள்ல நிலைமை மாறுது. உலகப் பொருளாதாரம் படுத்துச்சு, சிங்கப்பூர்ல வேலையில்லாக் கூட்டம் பெருகுச்சு. உடனே காலனி அரசு 1933-இல் அந்நியர் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து சீனாவுலேர்ந்து வர்ற ஆண் கூலிகளுக்கு வரம்பு கட்டிச்சு. பெண்களுக்கு 1938 வரைக்கும் வரம்பு இல்லை. கப்பல் கம்பெனிக்கும் தரகனுக்கும் வியாபாரம் நடக்கணுமே, கப்பல் கப்பலா பெண்கள் வந்து இறங்கினாங்க.

அதுல ரெண்டு வகைப் பெண்கள் பேர் நிலைச்சிருக்கு. சிவப்புத் துணியைத் தலையில மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கட்டட வேலைக்குப் போனவங்க சம்சூய் பெண்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டையோட வீட்டு வேலைக்குப் போனவங்க ஆமாக்கள். கன்டோனீஸ்ல 'மாஜே'. மாஜேக்கள்ல பெரும்பாலானவங்க குவாங்டோங் மாநிலத்துல முத்து ஆற்றுக் கழிமுகத்துல இருக்கிற ஷுண்ட பகுதிக்காரங்க. பட்டு விளையற ஊரு. அங்க பெண்கள் பட்டு நூற்பாலையில வேலை செஞ்சு சொந்தமா சம்பாதிச்சாங்க. கையில காசு இருந்ததால, கல்யாணமே வேணாம்னு சொல்ற தைரியமும் ஒரு பகுதிப் பெண்களுக்கு வந்துச்சு. அதுக்கு ஒரு சடங்கே இருந்தது. கல்யாணப் பொண்ணுக்கு வாரி முடியற மாதிரியே தலையை வாரிக் கொண்டை போட்டுக்கிட்டு, சாமி முன்னாடி நின்னு, காலத்துக்கும் கன்னியா இருப்பேன்னு சபதம் பண்ணுவாங்க. 1930கள்ல பட்டு விலை விழுந்து ஆலைகள் மூடினப்போ கொண்டையோட கப்பல் ஏறினாங்க.

கல்யாணம் கிடையாது, குழந்தை கிடையாது, புருஷன் வந்து கதவைத் தட்ட மாட்டான். வேலைக்கு வைக்கிறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்? பணக்காரச் சீன வீடுகள்லயும் ஐரோப்பிய வீடுகள்லயும் மாஜேக்களுக்கு ஏகக் கிராக்கி. பெரிய வீடுன்னா குழந்தைக்கு ஒரு ஆமா, சமையலுக்கு ஒரு ஆமா, துணி துவைக்க ஒரு ஆமா. வசதி கம்மியான வீட்டுல எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஆமா. அவளுக்குக் கன்டோனீஸ்ல 'ஒத்தைக் கால் உதை'ன்னு ஒரு பட்டப்பேரு, எல்லாத்தையும் ஒரே உதையில முடிப்பவள்னு. (நம்ம வீடுகள்ல அம்மான்னு சொல்லுவோம்.) லீ குவான் இயூ குடும்பத்துலகூட இப்படி ஒரு மாஜே பல காலம் வேலை பார்த்திருக்காங்க.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது அவங்களோட வாடகை ரூம். 'கொங்சி ஃபோங்'னு சொல்லுவாங்க. ஏழெட்டு மாஜேக்கள் சேர்ந்து சைனாடவுன்ல ஒரு கடைவீட்டு மாடியில அறை எடுப்பாங்க. எல்லாருமே முதலாளி வீட்டுல தங்குறவங்கதான், தினமும் இங்க வந்து படுக்கப் போறதில்லை. ஆனாலும் மாசாமாசம் காசு போட்டு அந்த அறையை வெச்சிருப்பாங்க. லீவு நாள்ல வந்து உக்காந்து கதை பேசுவாங்க. டிரங்குப் பெட்டி அங்கதான் இருக்கும். ஊருக்குக் கடிதம் எழுதிப் போடுறது, காசு அனுப்புறது எல்லாம் அங்கேர்ந்துதான். முக்கியமா, எஜமானியம்மா ஓவரா பேசினா, பையை எடுத்துக்கிட்டு நேரா கொங்சி ஃபோங் வந்துடலாம். அடுத்த வேலையைப் பத்தி அங்கேயே எவளாவது ஒரு தோழி சொல்லுவா. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், 1930கள்ல, கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குன்னு சொந்தமா ஒரு இடம் வெச்சிருந்தாங்க. எங்க பாட்டிக்கு அப்படி ஒரு இடம் இருந்திருந்தா எங்க குடும்ப வரலாறே வேற மாதிரி போயிருக்கும்!

சும்மா ரொமான்டிக்காவும் ஆக்கிடக்கூடாது. அவங்க வேலைக்கு நேரம் காலம் கிடையாது. முதுமையில பார்க்க ஆள் இல்லை. சிலர் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தாங்க. பலர் சங்கத்துல மாசச் சந்தா கட்டினாங்க, செத்தா ஒழுங்கா எடுத்துப் போடணும்னு. நெருக்கியடிச்சுக் கிடக்கிற வாடகை அறையில உயிர் போனா மத்தவங்களுக்கு ஆகாதுங்கற நம்பிக்கை இருந்ததாலதான் சாகோ லேன் மாதிரி இடமே தேவைப்பட்டுச்சு. ஊருக்குத் திரும்ப நினைச்சவங்களுக்கும் சிக்கல்தான். வழக்கப்படி சபதம் எடுத்தவ பொறந்த வீட்டுல சாகக்கூடாது. அதனால சிங்கப்பூர் மாஜேக்கள் காசு சேர்த்து அனுப்பி ஷுண்டவுல தங்களுக்குன்னு ஒரு வீடே கட்டிக்கிட்டாங்க. 'பிங் யூ தாங்'னு பேரு. இன்னிக்கும் நிக்குது.

1949-இல் சீனாவுல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் புதுசா வர்றது நின்னுபோச்சு. இருந்த ஆமாக்களுக்கு வயசாக ஆரம்பிச்சுது. இந்தப் பக்கம் சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாச்சு, 60களோட கடைசியில அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகள் வரிசையா வந்து இறங்குச்சு. சின்ன விரலால சர்க்யூட் கோக்க இளம்பெண்கள் வேணும். முன்னாடி வீட்டு வேலைக்குப் போயிருக்கக்கூடிய உள்ளூர்ப் பொண்ணுங்க எல்லாம் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனாங்க. 1957-இல் வேலைக்குப் போற வயசுப் பெண்கள்ல 100-க்கு 22 பேர்தான் வேலையில இருந்தாங்க. 1970-இல் 30. 1980-இல் 44. இருபத்து மூணு வருஷத்துல ரெண்டு மடங்கு! அதுல ஒவ்வொரு தாயும் காலையில கதவைப் பூட்டும்போது கேட்ட கேள்வி ஒண்ணுதான், பிள்ளையை யார் பார்த்துக்கறது?

தாத்தா பாட்டியோட இருந்த கம்பத்து வாழ்க்கை கலைஞ்சு எல்லாரும் வீவக அடுக்குமாடிக்கு மாறிட்டிருந்த காலம் வேற. குழந்தைக் காப்பகம் கொஞ்சம்தான் இருந்துச்சு, 1977-இல்தான் தொழிற்சங்க காங்கிரஸ் அதைக் கையில எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும், வேலை நேரத்தைக் குறைப்போம்னு யாரும் முடிவெடுக்கலை. 1978-இல் தாய்லாந்து, இலங்கை, பிலிப்பீன்ஸ் பெண்களை வீட்டு வேலைக்குக் கொண்டுவரலாம்னு அரசாங்கம் கதவைத் திறந்துச்சு. பிலிப்பீன்ஸ்ல மார்கோஸ் 1974-லயே ஆள் ஏற்றுமதியை அரசுக் கொள்கையா ஆக்கியிருந்தார். இலங்கையில 1977-க்குப் பிறகு திறந்த பொருளாதாரம், மலையகத் தமிழ்ப் பெண்களும் இந்த வேலைக்குன்னு வெளிநாடு கிளம்பினாங்க. பிற்பாடு இந்தோனேசியா, இந்தியா, மியன்மார்னு பட்டியல் நீண்டுச்சு. சில ஆயிரத்துல ஆரம்பிச்சது இன்னிக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர். கிட்டத்தட்ட ஐஞ்சு வீட்டுக்கு ஒரு வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க.

1983-இல் லீ குவான் இயூ, படிச்ச பெண்கள் கல்யாணம் பண்ணிக்காம இருக்காங்க, பிள்ளை பெத்துக்க மாட்டேங்கறாங்கன்னு தேசிய தினப் பேச்சுல வருத்தப்பட்டார். அடுத்த வருஷமே மெய்டுக்கு லெவி வந்துச்சு. அப்புறம் வேலைக்குப் போற அம்மாக்களுக்கு அந்த லெவியைப்போல ரெண்டு மடங்கை வருமானத்துலேர்ந்து கழிச்சுக்கிட்டு வரி போட்டாங்க. அம்மா பேர்ல மட்டும்தான் கழிக்க முடியும், அப்பா பேர்ல முடியாது. பிள்ளை யாரோட பொறுப்புன்னு வருமான வரி இலாகாவே சொல்லிடுச்சு பாருங்க! (அந்தச் சலுகை 2024 மதிப்பீட்டு ஆண்டோட முடிஞ்சுபோச்சு.)

இப்ப மாஜேவையும் மெய்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மாஜே கல்யாணம் வேணாம்னு தானே சபதம் எடுத்தா. இன்னிக்கு வர்ற பெண்ணுக்கு அந்தச் சபதத்தை வேலை அனுமதிச் சீட்டே எடுத்து வெச்சிடுது. குடிமகனையோ நிரந்தரவாசியையோ அமைச்சு அனுமதி இல்லாம கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. கர்ப்பமானா ஊருக்கு அனுப்பிடுவாங்க, ஆறு மாசத்துக்கு ஒருதரம் மருத்துவப் பரிசோதனை. ஊர்ல அவளுக்குப் புருஷன் பிள்ளை எல்லாம் இருக்கலாம், ஆனா இங்க அவ கன்னிச் சபதம் எடுத்தவ மாதிரிதான் இருந்தாகணும். அவ எதாவது விதியை மீறினா 2010 வரைக்கும் முதலாளியோட 5,000 வெள்ளிப் பிணைப்பணம் போற அபாயம் இருந்துச்சு. அதனாலதான் ஏஜென்சிக்காரர் எனக்கு அந்தக் கட்டத்தைக் காட்டினார், பல வீடுகள்ல வெளிய விடாம வெச்சிருந்தாங்க.

கொங்சி ஃபோங் இப்பக் கிடையாது. முதலாளி வீட்டு விலாசத்துலதான் தங்கணும்கறது விதி. ஒப்பந்தத்தின் நடுவுல வேற வீடு மாறணும்னா முதலாளி ஒப்புக்கணும். வீட்டு வேலைக்காரங்களுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா போறதுக்கு இருக்கிற ஒரே இடம் விமான நிலையம். அதுவும் கடன் தீர்ந்திருந்தா.

அறைன்னதும் ஞாபகம் வருது. துரைமார் பங்களாக்கள்ல பின்கட்டுல வேலைக்காரங்களுக்குத் தனி வரிசை வீடு இருக்கும். வீவக வீட்டுல அந்த நினைப்பே கிடையாது. 90களோட கடைசியிலேர்ந்து கட்டற வீடுகள்ல கனமான இரும்புக்கதவு போட்ட ஒரு பதுங்கு அறை உண்டு, போர் வந்தா ஒளிஞ்சுக்க. ஜன்னல் கிடையாது. பாதி வீட்டுல அதுல அரிசி மூட்டை, பழைய பெட்டி, மிச்ச வீட்டுல மெய்ட். எங்க வீட்டுல ரெண்டுமே. கூப்பிட்டது அக்கா, படுக்க வெச்சது அரிசி மூட்டை பக்கத்துல.

பெரிய சம்பவங்கள் நடந்தப்பதான் ஊர் இதையெல்லாம் பேசிச்சு. 1995 மார்ச் 17-இல் ஃப்ளோர் கான்டெம்பிளேசியன்ங்கற பிலிப்பீன்ஸ் பணிப்பெண், இன்னொரு பணிப்பெண்ணையும் ஒரு சின்னப் பையனையும் கொன்ன குற்றத்துக்காகத் தூக்குல போடப்பட்டப்போ, ரெண்டு நாட்டு உறவே ஆட்டம் கண்டுச்சு. அதே வருஷம் பிலிப்பீன்ஸ் தன் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு. 2016-இல் மியன்மார்லேர்ந்து வந்த பியாங் ங்காய் டொன், 24 வயசு, அடிச்சும் பட்டினி போட்டும் கொல்லப்பட்டப்போ எடை 24 கிலோ. எஜமானிக்கு 2021-இல் 30 வருஷ சிறை. அந்தச் செய்தியைப் படிச்சப்போ நாங்க அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எல்லாரையும்போல நானும் சொல்லிக்கிட்டேன். ஆனா கொங்சி ஃபோங் மாதிரி நடந்து போறதுக்கு ஒரு இடம் அந்தப் பொண்ணுக்கு இருந்திருந்தா? அது இல்லாதது எங்க வீட்டு அக்காவுக்கும் பொதுதானே. அவங்களுக்கு நல்லது நடந்திருந்தா அது எங்க குணத்தைப் பொறுத்துதான் நடந்திருக்கும், அவங்க கையில எதுவும் இருந்ததில்லை.

வாராந்திர ஓய்வுநாள் சட்டமானது 2013 ஜனவரி 1-லேர்ந்து. அதுவும் காசு குடுத்து ஈடுகட்டலாம்கற ஓட்டையோட. மாசத்துக்கு ஒரு நாளாவது கட்டாயம் விட்டே ஆகணும்னு ஆனது 2023-இல்தான். முதல் பெண் வந்து இறங்கி 45 வருஷம் கழிச்சு.

எங்க வீட்டுக்கு வர்றேன். அக்காவுக்கு ஊர்ல ஒரு பொண்ணு. ஃபைல்லயே போட்டிருந்துச்சு, "குழந்தை: 1, வயது: 2". அந்தக் கட்டத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேங்கறதுதான் உண்மை. பிள்ளை வளர்த்த அனுபவம் இருக்குன்னு. அந்தப் பிள்ளையை இப்ப யார் வளர்க்கிறாங்கன்னு கேக்கத் தோணலை. ஒரு வருஷம் கழிச்சு ஒருநாள் மகனுக்குச் சோறு ஊட்டிட்டே, "இவன் நான் சொல்ற கதையெல்லாம் கேக்குறான்ம்மா, அவளுக்கு என் குரலே போன்ல கேட்டாதான் தெரியும்"னாங்க. அழலை, புகார் மாதிரியும் சொல்லலை. நான் ஏதோ மெயில் பார்த்துட்டிருந்தேன், ம்ம்னு சொன்னேன். அந்தப் பொண்ணை வளர்த்தது அக்காவோட அம்மா. அவங்களுக்கு மாசச் சம்பளமும் கிடையாது, ஆஃப் டேயும் கிடையாது.

ரெண்டாவது ஒப்பந்தத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தோம். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே குடுத்தோம்னு பெருமையா சொல்லிக்கலாம்தான், ஆனா அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல இருந்த நூத்துச் சொச்சம் ஞாயித்துக்கிழமையை என்ன பண்றது? லீவு நாள்ல அக்கா தேக்காவுக்குப் போயிட்டு ரெண்டு முழம் பூவோட வருவாங்க. ஒரு முழம் எனக்கு.

2015-இல் பொண்ணு வயசுக்கு வந்துட்டான்னு ஊருக்குப் போனவங்க திரும்ப வரலை. மகன் ரெண்டு மாசம் ராத்திரி அந்த இரும்புக்கதவைத் திறந்து பார்த்துட்டுத்தான் படுப்பான். இப்ப அவன் என்னைவிட உயரம். போன வாரம் இந்தப் பதிவுக்காக அக்காகிட்ட போன்ல பேசினேன், எழுதட்டுமான்னு கேட்டேன். "எழுதும்மா, பேரைப் போடாத"ன்னாங்க. அப்புறம் பேச்சோட பேச்சா, அந்த ரூம்ல இப்ப யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. அரிசி மூட்டை மட்டும்தான்க்கான்னு சொன்னேன்.

டிஸ்கி: சிங்கப்பூர், மலேசியாவுல பொறந்து வளர்ந்த பதிவர்கள் யாராவது ஆமாகிட்ட வளர்ந்திருந்தா, இல்லை உங்க பாட்டி யாராவது துரை வீட்டுல ஆயாவா இருந்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. மெய்ட் வெச்சது தப்பா சரியான்னு கும்மி அடிக்கறவங்களும் தாராளமா வரலாம். ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல பிள்ளையை யார் பார்த்துக்கறாங்கன்னு ஒரு வரி எழுதிட்டு ஆரம்பிங்க :-)